ரத்தம் எடுப்பதற்கு முன்

உடம்பு முதலில் ஏதாவது ஒன்றைச் சொல்லும். வலி, கட்டி, மூச்சுத் திணறல், குறையாத காய்ச்சல். அதைக் கேட்டுக்கொண்டு நாம் மருத்துவரிடம் போவோம். அவர் காரணத்தைத் தேடி மருந்து தருவார். நோய்க்கும் மருத்துவத்துக்கும் இடையில் இருந்த இந்தப் பழைய வரிசையை மரபணுப் பரிசோதனை மாற்றிவிட்டது. எந்தக் குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், இன்னும் பத்து அல்லது இருபது ஆண்டுகளில் வரக்கூடிய, ஒருவேளை வராமலே போகக்கூடிய ஒரு நோயைப் பற்றி இன்றைக்கே முடிவெடுக்கச் சொல்கிறது. அவரை நோயாளி என்று சொல்ல முடியாது. ஆனாலும் மருத்துவமனையில் அவர் பெயரில் ஒரு கோப்பு உண்டு, ஆண்டுதோறும் வரச்சொல்லும் தேதிகள் உண்டு. அப்படி ஒரு கோப்புக்கு உரியவளாகச் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன். இந்த ஆண்டுகளில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. முடிவு கைக்கு வந்த பிறகு எடுக்க வேண்டிய தீர்மானங்களைவிட, ரத்தம் எடுப்பதற்கு முன் எடுக்க வேண்டிய தீர்மானமே பெரியது. பரிசோதனைகள் விரைவாகவும் எளிதாகவும் ஆக ஆக, அந்த முதல் தீர்மானத்துக்கான நேரத்தைத்தான் மருத்துவம் சுருக்கிக்கொண்டு வருகிறது.

என் அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. கீமோதெரபி நடந்துகொண்டிருந்த நாட்களில், மரபணுவையும் பார்த்துவிடலாம் என்று கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். அதற்கு நல்ல காரணம் இருந்தது. சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவில் பிறவியிலேயே பழுது இருக்கிறது. இந்த இரண்டு மரபணுக்களும் அறுபட்ட டி.என்.ஏ. இழைகளைச் சரிசெய்யும் புரதங்களை உருவாக்குபவை. அந்த வழி அடைபட்டுப்போன புற்றணு, பார்ப் என்ற நொதி செய்யும் இன்னொரு வகைப் பழுதுபார்ப்பை நம்பிப் பிழைக்கிறது. ஓலாபரிப் என்ற மருந்து அந்த நொதியையும் முடக்கிவிடும்போது புற்றணுவுக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. புதிதாகக் கண்டறியப்பட்ட, முற்றிய சினைப்பைப் புற்றுநோயும் பிஆர்சிஏ பழுதும் உள்ள பெண்களுக்குக் கீமோதெரபி பலனளித்த பின் இந்த மருந்தைக் கொடுத்தபோது, நோய் மீண்டும் வளரும் அல்லது உயிரிழக்கும் ஆபத்து 70 விழுக்காடு குறைந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்கா இன்று எங்களோடு இருப்பதில் அந்தக் குழாய் ரத்தத்துக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். ஆகவே இந்தப் பரிசோதனையைக் குறைசொல்லி எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் அந்த ரத்தம் எங்கள் எல்லோரையும் பற்றியது என்பதை எடுக்கும்போது ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. பிஆர்சிஏ1-இல் நோய் உண்டாக்கும் மாற்றம் இருப்பதாக வந்த அறிக்கையின் கடைசிப் பகுதியில், ரத்த உறவினர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று ஒரு வரி இருந்தது. அதைத் தெரிவிக்கும் வேலை, தலைமுடி உதிர்ந்து, வாயில் புண்ணோடு படுத்திருந்த அவள்மீது விழுந்தது. "உனக்கும் இருக்கலாம்னு சொல்றாங்கடி. இதை நான் எப்படி உன்கிட்டச் சொல்றது?" என்றுதான் தொலைபேசியில் ஆரம்பித்தாள். தன் நோயைப் பற்றிச் சொன்னபோது உடையாத அவள் குரல் அப்போது உடைந்தது.

நோயாளியே தூதராகவும் ஆக வேண்டியிருப்பது இந்த மருத்துவத்தின் புதிய சுமை. பெரும்பாலான மருத்துவமனைகள் உறவினர்களை நேரடியாக அழைத்துச் சொல்வதில்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் கடமை அவற்றுக்கு இருக்கிறது. அந்தக் கடமைக்கும் உறவினரின் நலனுக்கும் இடையிலான இழுபறி 2020-இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம்வரை போனது. மரபுவழியாக வரும் மூளை நோயான ஹன்டிங்டன் நோய் தந்தைக்கு இருப்பது உறுதியானபோது மகள் கருவுற்றிருந்தார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று தந்தை மறுத்துவிட்டதால் மருத்துவர்களும் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகே, அதுவும் தற்செயலாக, மகளுக்கு விஷயம் தெரிந்தது. பிற்பாடு அவருக்கும் அந்த மரபணு இருப்பது உறுதியானது. வழக்கில் அவர் வெல்லவில்லை. ஆனாலும் இத்தகைய நிலையில் நோயாளியின் ரகசியத்தையும் உறவினரின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் சட்டக் கடமை மருத்துவருக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. எடைபோடுவது மருத்துவரின் வேலை என்றால், ரத்தம் எடுக்கும் முன்பே, 'முடிவு வந்தால் யாரிடமெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும், அதை யார் சொல்வது?' என்று நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதும் அவருடைய வேலைதான் என்பேன்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பழுது அப்பா வழியாக வந்திருக்கிறது. அப்பாவின் தாயார் வயிறு வீங்கி, சில மாதங்களில் இறந்துபோனார் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் என்றதும் அம்மா வழியில் யாருக்கேனும் இருந்ததா என்று கேட்பதோடு பல மருத்துவர்களும் நிறுத்திக்கொள்கிறார்கள். தாயிடமிருந்து வருவதற்கு எவ்வளவு வாய்ப்போ அதே அளவு தந்தையிடமிருந்தும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு. சுமக்கும் ஆணுக்கு நோய் வராமலே போகலாம் என்பதால், ஆண்கள் அதிகமாகப் பிறந்த குடும்பங்களில் அது ஒரு தலைமுறை முழுக்க மறைந்திருந்து பிறகு வெளிப்படும்.

எனக்கு ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு மரபணு ஆலோசகரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. மரபணு ஆலோசனை என்ற பெயரை ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1947-இல் வழங்கினார். அதற்கென்று முதல் முதுகலைப் படிப்பு 1969-இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. இதைச் செய்யுங்கள் என்று சொல்லாமல், வந்தவர் தானாக ஒரு முடிவுக்கு வரத் துணை நிற்பதே அந்தத் தொழிலின் அடிப்படை. என்னைச் சந்தித்தவர் முதலில் மரபணுவைப் பற்றிப் பேசவே இல்லை. "இருக்கிறது என்று வந்தால் நீங்கள் என்ன செய்வதாக எண்ணியிருக்கிறீர்கள்? இல்லை என்று வந்தால் அக்காவிடம் அதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தப்பித்துவிட்டவரின் குற்ற உணர்வு பலரையும் அலைக்கழிப்பதுண்டு என்றும், அதற்காகவே சிலர் நல்ல முடிவைக்கூட வீட்டில் சொல்லாமல் இருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். அன்று ரத்தம் கொடுக்காமல் திரும்பி, சில வாரங்கள் யோசித்துவிட்டுப் போனேன். அந்த வாரங்களை எனக்கு அளித்ததுதான் மருத்துவம் எனக்குச் செய்த பெரிய உதவி என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்படி யோசிக்க நேரம் தருவது வெறும் ஆறுதலுக்கான ஏற்பாடு என்று நினைப்பவர்கள் ஹன்டிங்டன் நோயின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் தொடங்கி, உடலசைவையும் சிந்தனையையும் மனநிலையையும் சிறிது சிறிதாகக் குலைக்கும் நோய் அது. நான்காம் குரோமோசோமில் அதற்கான அடையாளம் 1983-இலும், மரபணு 1993-இலும் கண்டுபிடிக்கப்பட்டன. சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் அந்த மரபணுவில் நாற்பது முறையோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வந்தால், போதிய காலம் வாழ்பவருக்கு நோய் வருவது உறுதி. பரிசோதனை வருவதற்கு முன் நடத்தப்பட்ட கருத்துக் கணிப்புகளில், ஆபத்தில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் அதைச் செய்துகொள்வதாகச் சொன்னார்கள். பரிசோதனை கைக்கு வந்தபோது, பெரும்பாலான நாடுகளில் ஐந்தில் ஒருவர்கூட முன்வரவில்லை. பல அமர்வுகளாக நடக்கும் ஆலோசனைக்குப் பிறகே ரத்தம் எடுக்கும் நடைமுறை அந்த நோய்க்குத்தான் முதலில் வகுக்கப்பட்டது. அந்த அமர்வுகளில் பாதியிலேயே 'வேண்டாம்' என்று திரும்பியவர்களும் உண்டு.

அந்த மரபணுவைத் தேடிய கூட்டு முயற்சியை முன்னின்று நடத்தியவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய தாயார் அந்த நோயால் 1978-இல் இறந்தார். வெனிசுவேலாவில் மரகாய்போ ஏரிக்கரையில் அந்த நோய் மிகுதியாக இருந்த குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்கில் சென்று ரத்த மாதிரிகளைச் சேகரித்து, பரிசோதனை உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் அவர். அப்படிப்பட்டவரே தான் பரிசோதித்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார். தனக்கு நோய் இருப்பதை 2020-இல் அவர் வெளிப்படையாகச் சொன்னபோது எழுபது வயதைத் தாண்டியிருந்தார். அந்த மரபணுவைப் பற்றி அவருக்குத் தெரியாதது மிகக் குறைவு. ஆகையால் பரிசோதனையை மறுப்பவர்கள் அறியாமையாலோ அச்சத்தாலோ மறுக்கிறார்கள் என்று எண்ணும் பழக்கத்தை மருத்துவர்கள் கைவிட வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தன் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டு வெளியிடப்பட்டபோது, ஆல்சைமர் ஆபத்தைக் காட்டும் ஏபிஓஇ மரபணுவை மட்டும் தனக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று விலக்கிக்கொண்டார். தடுக்க வழியில்லாத ஒன்றைத் தெரிந்துகொள்வதா என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை கிடைக்காது.

என் நிலை வேறு. பிஆர்சிஏ1 விஷயத்தில் செய்வதற்கு வழி இருந்தது. அதனால் தெரிந்துகொள்ள விரும்பினேன். அக்காவுக்கு இருந்த அதே மாற்றம் எனக்கும் இருந்தது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, இந்த மரபணுவில் பழுதுள்ள பெண்களில் எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருபவர்கள் 72 விழுக்காடு, சினைப்பைப் புற்றுநோய் வருபவர்கள் 44 விழுக்காடு. மேலைநாடுகளில் பொதுவாகப் பெண்களுக்கு முதலாவது ஏறத்தாழ 12 விழுக்காடாகவும், இரண்டாவது ஒன்று முதல் இரண்டு விழுக்காடாகவும் இருக்கிறது. இந்த எண்களைக் கேட்ட அன்று இரண்டையும் ஒரே அச்சமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெரிய எண்ணுக்கே முதலில் வழி தேட வேண்டும், அதாவது மார்பகங்களை உடனே அகற்றிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

பொறுமையாகப் பேசியபோதுதான் கணக்கு எனக்கு வேறாகத் தெரிந்தது. மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடிக்க நம்பத் தகுந்த வழி உண்டு, ஆண்டுக்கொரு எம்.ஆர்.ஐ., ஆண்டுக்கொரு மேமோகிராம். சினைப்பைக்கு அப்படி ஒன்றும் இல்லை. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் கொண்டு இங்கிலாந்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மிகப் பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தபோது, அந்த முறை இறப்புகளைக் குறைக்கவில்லை என்பது தெரிந்தது. அது சாதாரண ஆபத்துள்ள பெண்களிடம் நடந்த ஆய்வு என்றாலும், தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியிருப்பது எவ்வளவு பலவீனமானது என்பதை எனக்கு உணர்த்த அது போதுமாக இருந்தது. ஆபத்தின் அளவைவிட, வந்தால் நேரத்தில் பிடிபடுமா என்பதே முடிவைத் தீர்மானித்தது. பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்குப் பிள்ளைப்பேறு முடிந்த பின், 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிவிடப் பரிந்துரைக்கிறார்கள். அந்த வயதை நான் ஏற்கெனவே கடந்திருந்தேன். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். மார்பகங்களுக்குக் கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

இதன் விலையை மறைக்க விரும்பவில்லை. மாதவிடாய் நிற்பது இயல்பாக வரும்போது உடம்பு ஆண்டுக்கணக்கில் பழகிக்கொள்ளும். அறுவைச் சிகிச்சையில் அது ஒரே நாளில் வந்துவிடுகிறது. உடம்பெங்கும் பொங்கும் வெப்பம், தூக்கமின்மை, மூட்டு வலி, காரணமில்லாத எரிச்சல், பிற்பாடு எலும்பு தேய்வதைப் பற்றிய கவலை என்று ஒவ்வொன்றாக வந்தன. நோய் இல்லாத உடம்பை நோய்க்கு அஞ்சி நோகச் செய்கிறோமே என்ற எண்ணம் இரவுகளில் வரும். கண்காணிப்பும் எளிதானது அன்று. எம்.ஆர்.ஐ.யில் ஏதோ ஒன்று தெரிகிறது என்பார்கள். ஊசி போட்டுத் திசு எடுப்பார்கள். ஒன்றுமில்லை என்று முடியும். அதற்குள் போன நாட்கள் போனவைதான். மார்பகங்களை அகற்றிக்கொள்வது ஆபத்தைத் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கிறது என்பதை அறிந்தே இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இன்னும் சில ஆண்டுகளில் என் எண்ணம் மாறவும் கூடும். இந்த மாறும் உரிமையை என் மருத்துவர் மதிக்கிறார். ஒருமுறை கையெழுத்திட்டதோடு முடிந்துவிடாத, ஆண்டுதோறும் புதிதாக எடுக்கப்படும் முடிவு இது.

நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013 மே மாதத்தில், தனக்கு பிஆர்சிஏ1 பழுது இருப்பதையும் மார்பகங்களை அகற்றிக்கொண்டதையும் நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். அதன் பிறகு பல நாடுகளில் பரிசோதனைக்கு வருவோர் கூடினார்கள். அவர் துணிவுடன் பேசியதால் என்னைப் போன்ற எத்தனையோ பெண்களுக்குப் பேச்சு எளிதாயிற்று; அதில் எனக்கு நன்றி உண்டு. ஆனால் அவர் தனக்கென எடுத்த முடிவையே எல்லோருக்குமான முடிவாகச் சுற்றத்தார் எடுத்துக்கொண்டார்கள். 'இன்னும் ஏன் காத்திருக்கிறாய்?' என்ற கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

தெளிவான விடை கிடைத்ததால்தான் என்னால் இவ்வளவும் யோசிக்க முடிந்தது. பலருக்கு அது கிடைப்பதில்லை. மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது தீங்கானதா இல்லையா என்பதைச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை வரும். ஆய்வுக்கூடங்கள் மாற்றங்களைத் தீங்கானது, பெரும்பாலும் தீங்கானது, உறுதியற்றது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது என்று ஐந்து படிகளில் வைக்கின்றன. 2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த முறை இது. நடுப்படியில் இருப்பவற்றை வைத்து அறுவைச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது என்பது தெளிவான வழிகாட்டுதல். பின்னாளில் ஆதாரம் சேர்ந்து படி மாறும்போது மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே தெரியவருகின்றன. ஆனால் பரிசோதனைக்கு முன் இதைக் கேட்டிராத ஒருவர், புற்றுநோய் மரபணுவில் மாற்றம் என்று பார்த்தவுடன் வேறு எதைப் படிப்பார்?

இதில் ஒரு நியாயக்கேடும் இருக்கிறது. உலகின் மரபணுத் தரவுகளில் மிகப் பெரும் பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. மற்றவர்களிடம் இயல்பாகவே காணப்படும் மாற்றங்கள் அந்தத் தரவுகளில் இல்லாததால், 'உறுதியற்றது' என்ற முடிவு அவர்களுக்கே அதிகமாக வருகிறது. சில நேரங்களில் அதைவிட மோசமும் நடந்திருக்கிறது. இதயத் தசை தடிப்பு நோய்க்குக் காரணம் என்று கருதப்பட்ட சில மாற்றங்கள் கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாகவே இருப்பவை, தீங்கற்றவை என்பதை 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. தொடக்க ஆய்வுகளில் சில கறுப்பினத்தவரையாவது ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பிழையைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அது சொன்னது. அதுவரை அந்தத் தவறான முடிவைப் பெற்றவர்கள் இல்லாத இதய நோய்க்கு அஞ்சி வாழ்ந்திருப்பார்கள்.

கருவுற்ற பெண்களிடம் நடப்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதை டென்னிஸ் லோ குழுவினர் 1997-இல் காட்டினார்கள். 2011 முதல் அதைக் கொண்டு டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கான பரிசோதனை பரவலாகக் கிடைக்கிறது. கருப்பைக்குள் ஊசி செலுத்தும் ஆபத்து இதில் இல்லை என்பது பெரிய நன்மைதான். ஆனால் இரும்புச்சத்துக்கும் சர்க்கரைக்கும் எடுக்கும் ரத்தத்தோடு இதுவும் ஒன்றாகப் போய்விடுகிறது. இது வாய்ப்பை மட்டும் சொல்லும் சல்லடைப் பரிசோதனை. அரிதான குறைபாடுகளில், 'இருக்கலாம்' என்று வரும் முடிவுகளில் கணிசமான பங்கு உண்மையில் இல்லாதவை. தேடப்படும் குறைபாடு எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குத் தவறான எச்சரிக்கையின் பங்கு கூடும். உறுதிசெய்யப் பனிக்குட நீர்ப் பரிசோதனை வேண்டும். இதையெல்லாம் ஒரு தாய் முதன்முதலாகக் கேட்பது, முடிவு வந்து கை நடுங்கும் வேளையில் என்றால், அவளிடம் பெற்ற கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

நேரமே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே என் வாதம் அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோயின் கடுமையான வகையோடு பிறக்கும் குழந்தைகள், சிகிச்சை இல்லாத காலத்தில் இரண்டு வயதைத் தாண்டுவது அரிது. 2016-இல் நூசினர்சென் மருந்தும், 2019-இல் ஒரே முறை செலுத்தும் மரபணுச் சிகிச்சையும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இழந்த நரம்பணுக்களை இவை மீட்டுத் தருவதில்லை. அறிகுறி தெரிவதற்கு முன் கொடுத்தால் அந்தக் குழந்தைகளில் பலரால் உட்காரவும் நடக்கவும் முடிகிறது. ஆகவே பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் ரத்தத் துளியில் இதைத் தேடுவது சரியே. 2025-இல் அமெரிக்காவில், அம்மோனியாவை வெளியேற்ற முடியாத அரிய கல்லீரல் நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையின் மரபணுவில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கென்றே ஆறு மாதங்களில் ஒரு மருந்தை உருவாக்கிக் கொடுத்தார்கள். இதைப் படித்த அன்று நான் அழுதுவிட்டேன்.

சிகிச்சை இல்லாவிட்டாலும் பெயர் தெரிவதில் பயன் இருப்பதையும் பெற்றோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணம் தெரியாமல் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கிய ஒரு தாய்க்கு, கருவுற்றிருந்தபோது தான் செய்த எதனாலும் இது வரவில்லை என்று தெரிவது சிறிய விஷயம் இல்லை.

மரபணுவைத் திருத்தும் சிகிச்சை வந்துவிட்டது என்றதும், தீர்மானிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அரிவாள் செல் ரத்தசோகைக்கான காஸ்ஜெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சை 2023 நவம்பரில் பிரிட்டனிலும் அடுத்த மாதம் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. நோயாளியின் ரத்தத் தண்டணுக்களை எடுத்துத் திருத்தித் திரும்பச் செலுத்துகிறார்கள். அவற்றுக்கு இடம் தருவதற்காக, எலும்பு மஜ்ஜையில் இருப்பவற்றைக் கடும் கீமோதெரபியால் அழிக்க வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனையில் தனிமையும், பிள்ளை பெறும் திறனை இழக்கும் ஆபத்தும் அதில் அடங்கும். இருபது வயதில் வலியோடு வாழும் ஒருவர் இதற்குச் சரி என்பதும், காத்திருக்கிறேன் என்பதும் சமமாக மதிக்கத் தக்க முடிவுகள்.

மருந்துத் தேர்வுக்கான மரபணுப் பரிசோதனைகளைப் பற்றி எனக்கு இத்தனை தயக்கம் இல்லை. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபைன், எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோலையே உரித்துவிடும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஆசியர்கள் பலரிடம் அந்த வகை உண்டு. தைவானில் 4,800-க்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே பரிசோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு அம்மருந்தைத் தவிர்த்தபோது, ஒருவருக்குக்கூட அந்தக் கேடு நேரவில்லை என்று 2011-இல் தெரிவித்தார்கள். இதில் குடும்பத்தைக் கூட்டிப் பேச எதுவும் இல்லை, செய்துவிடலாம்.

எச்சிலைக் குழாயில் இட்டு அஞ்சலில் அனுப்பும் வணிகப் பரிசோதனைகளுக்கு நேர் எதிரான எண்ணம் எனக்கு. அத்தகைய பரிசோதனைகளின் மூலத் தரவில் கண்ட மாற்றங்களை மருத்துவ ஆய்வுக்கூடத்தில் சரிபார்த்தபோது, அவற்றில் 40 விழுக்காடு இல்லாதவை என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. இத்துறையில் பெயர்பெற்ற 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்புக் கோரியது. ஆபத்தை அறிந்தால் மக்கள் புகைப்பதை விடுவார்கள், உடற்பயிற்சி செய்வார்கள் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட மாற்றம் குறிப்பிடும்படி இல்லை. காப்பீட்டையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுவை வைத்துப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது, ஆயுள் காப்பீட்டை விட்டுவிடுகிறது. கனடாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிட விரிவானது. ஆயுள் காப்பீடு எடுக்க எண்ணியிருப்பவர் தன் நாட்டின் சட்டத்தை ரத்தம் கொடுப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டும்; கொடுத்த பின் அறிவதில் பயன் குறைவு.

என் அண்ணன் நீண்ட நாள் பரிசோதனைக்கு வரவில்லை. "அது பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கு எதுக்கு?" என்றார். பிஆர்சிஏ பழுதுள்ள ஆண்களுக்கு, குறிப்பாக பிஆர்சிஏ2 என்றால், புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தும் மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகின்றன என்று விளக்கியும் அசையவில்லை. பெண்ணுக்குக் கல்லூரி வயது வந்த பிறகே சம்மதித்தார். அவருக்கும் இருந்தது. இப்போது பத்தொன்பது வயதான அந்தப் பெண்ணின் பங்கு பாதிக்குப் பாதி.

வயது வந்த பின் வரும் நோய்களுக்குச் சிறுவர்களைப் பரிசோதிக்க வேண்டாம் என்பது உலகெங்கும் பெரும்பாலும் ஏற்கப்பட்ட நெறி. அந்த முடிவு பிற்பாடு அவர்களே எடுக்க வேண்டியது. பதினெட்டைத் தாண்டிவிட்டதால் சட்டப்படி இவளுக்குத் தடை இல்லை. அண்ணி உடனே பார்த்துவிடலாம் என்கிறார். தெரியாமல் இருப்பதை ஒரு தாயால் தாங்க முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. "அத்தை, இருக்குன்னு வந்தா இப்போ என்ன செய்யணும்?" என்று அவள் என்னைக் கேட்டாள். இப்போதைக்குச் செய்ய எதுவும் இல்லை என்பதே நேர்மையான பதில். பழுது உள்ளவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு இருபத்தைந்து வயதில்தான் பொதுவாகத் தொடங்குகிறது, சினைப்பைகளைப் பற்றிய பேச்சு அதற்கும் வெகுகாலம் கழித்தே. அதுவரை காத்திருப்பதால் மருத்துவரீதியாக அவள் இழப்பது எதுவும் இல்லை. மரபணு ஆலோசகரை மட்டும் முதலில் தனியாகப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். ரத்தம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசிப்பாளாம். அண்ணியிடம் நான் பேசியிருக்கிறேன். அவள் போகும் அன்று நாங்கள் யாரும் கூடப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.